இரண்டு கரைக்கும் ஒரே கையெழுத்து

நர்சம்மாவுக்கு எதையும் ஒரு தடவைதான் சொல்லத் தெரியும். 'கத்தாதே' என்றால் கத்தக்கூடாது, 'முக்கு' என்றால் முக்கவேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஊரில் பிரசவம் பார்த்தவர். வங்கி மேலாளர் முறைத்தால், "உன்னைத் தலைகீழாப் பிடிச்சு முதுகுல தட்டி அழவெச்சவ நான்தான், இப்ப நீ என்னை அழவெக்கப் பாக்கறியா?" என்பார். மேலாளர் எழுந்து நாற்காலி போடுவார். ஓய்வுபெற்று மூன்று வருஷம் ஆகியும் ரேஷன் கடை வரிசையில் அவர் நின்றதில்லை. நிற்கச் சொல்லும் துணிவு யாருக்கும் வந்ததில்லை.

ஊரின் கதையைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்லமுடியாது. ஊர் ஆற்றின் இந்தக் கரையில் இருக்கிறது. அந்தக் கரையில் இன்னொரு நாடு. இக்கரை, அக்கரை என்றுதான் இரண்டு நாட்டுக்கும் ஊரில் பேர். 'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்பது மற்றவர்களுக்கு வெறும் பழமொழி. இந்த ஊர்க்காரர்களுக்கு அதன் விலை தெரியும். உயிரோடு இருக்கிறவர்கள் நினைவிலேயே ஊர் மூன்று தடவை கைமாறியிருக்கிறது. ஆதியிலிருந்து ஊர் எங்களுடையது, நடுவில்தான் திருட்டுப் போனது என்று இக்கரைப் பாடப்புத்தகம் சொல்கிறது. அக்கரைப் பாடப்புத்தகமும் அதையேதான் சொல்கிறது, திருடன் மட்டும் வேறு. பாலத்தைக் கட்டியது யார் என்று பொறித்த கல்லை ஒவ்வொரு தடவையும் கொத்திக் கொத்தி எழுதியதில் கல்லே பாதியாக இளைத்துவிட்டது. வரலாற்றுப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குப் பெற்றவர்கள் சொல்லி அனுப்பும் புத்தி ஒன்றுதான்: "கேள்வித்தாளைப் பாக்கறதுக்கு முன்னாடி கொடிக்கம்பத்தைப் பாரு."

கடைசியாக அக்கரை ஊரைப் பிடித்து வைத்திருந்தது பதினோரு வருஷம். அந்தப் பதினோரு வருஷமும் பாலம் திறந்திருந்தது. இந்தக் கரையில் பிரசவ ஆஸ்பத்திரி. பாலத்தைத் தாண்டினால் அதன் கிளை, இரண்டு கட்டில் போட்ட ஓர் ஒழுகல் கட்டடம். இரண்டுக்கும் ஒரே நர்ஸ். ஒருநாள் இங்கே, ஒருநாள் அங்கே. பிறப்பை எழுத இரண்டு பெரிய புத்தகங்கள். இந்தக் கரையில் பிறந்தால் நீல அட்டை, அந்தக் கரையில் பிறந்தால் சிவப்பு அட்டை. இரண்டும் நர்சம்மாவின் ஒரே பைக்குள் கிடந்தன.

தப்பு அந்தப் பைக்குள் தொடங்கியது. ஊர்க்காரர்கள் பட்டு அறிந்தவர்கள். இன்று ஆளுகிறவன் நாளை இருப்பானா என்று யாருக்கும் நிச்சயமில்லை. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்காக இருந்தால்தான் பிழைக்கலாம் என்று ஒவ்வொரு வீடும் தனித்தனியாக முடிவு செய்தது. தையற்காரர்தான் முதலில் வந்து கேட்டார்.

"நர்சம்மா, மூத்தவனைச் சிவப்புல எழுதிடுங்க. அடுத்தது பொறந்தா நீலத்துல எழுதிக்கலாம். எவன் வந்தாலும் வீட்டுல ஒருத்தனாவது செல்லுபடியாவான் இல்லையா?"

"பொறந்தது இங்கதானேய்யா?"

"பையிலேயே ரெண்டு புக்கும் இருக்கு. எதை எடுக்கறீங்கன்னு யாருக்குத் தெரியப் போகுது?"

நர்சம்மா எழுதினார். காசு வாங்கவில்லை. பெற்ற வயிற்றின் பயம் அவருக்குத் தெரியும். ஒன்று இரண்டாகி, பிறகு அதுவே ஊர் வழக்கமாகி, 'ஆளுக்கொரு கரை' என்று அதற்கு ஒரு பேரும் வந்துவிட்டது. அந்த ஒழுகல் கட்டடத்தில் உண்மையில் பிறந்த குழந்தைகள் முப்பதுகூட இருக்காது. சிவப்புப் புத்தகத்தில் ஏறியவை நானூற்றுப் பன்னிரண்டு.

தன் பிள்ளைகளுக்கு மட்டும் வேறு நியாயமா? பெரியவள் பிறந்தபோது அக்கரை ஆட்சி அசைக்கமுடியாமல் இருந்தது. சிவப்புப் புத்தகத்தில் பேர் இருந்தால் படிப்பில் இடம், வேலையில் முன்னுரிமை. தலைப்பிள்ளைக்கு நல்லதையே கொடுப்போம் என்று சிவப்பில் எழுதினார். இரண்டு வருஷம் கழித்துச் சின்னவள் பிறந்தபோது காற்று மாறுகிற மாதிரி இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அவளை நீலத்தில் எழுதினார். இருவரும் பிறந்தது ஒரே ஆஸ்பத்திரி, மூன்றாம் நம்பர் கட்டில். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் இக்கரைப் படை ஊரைத் திரும்பப் பிடித்தது. பாலம் மூடப்பட்டது. வருஷக் கணக்குக்காகக் கொடுத்திருந்த சிவப்புப் புத்தகம் அந்தக் கரையிலேயே மாட்டிக்கொண்டது. இருபத்துமூன்று வருஷம் யாரும் அதை நினைக்கவில்லை.

இப்போது இரண்டு நாட்டுப் பெரியவர்களும் எங்கோ ஒரு மேஜையில் உட்கார்ந்து கைகுலுக்கிக்கொண்டார்கள். செய்தித்தாளில் படம் வந்தது. அதன் அடியில் சின்ன எழுத்தில் ஒரு விதி: அந்தப் பதினோரு வருஷத்தில் பிறந்தவர்கள் எந்தக் கரையில் பிறந்தார்களோ அந்தக் கரைக்கே சொந்தம். சிவப்புப் புத்தகம் அரக்கு முத்திரை வைத்த பெட்டியில் பாலம் தாண்டி வந்தது. மறுவாரம் நகராட்சிச் சுவரில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் பட்டியல். ஒரு மாதத்தில் ஆளுக்கு இரண்டு பையோடு பாலம் கடக்கவேண்டும். பக்கத்திலேயே இன்னொரு தாள். நீலப் புத்தகத்தின் ஐநூற்று இருபது பேர் இங்கே இருக்கலாம். அவற்றை எழுதிய நர்ஸ் நேரில் வந்து, இரண்டு புத்தகமும் உண்மைதான் என்று சாட்சி சொன்ன பிறகே இரண்டு பட்டியலும் உறுதியாகும்.

பெரியவளின் பேர் முதல் பட்டியலில் ஏழாவது வரி.

அன்றிலிருந்து நர்சம்மா வீட்டுக்கு ஆள் வரத்தொடங்கியது. சிவப்புக்காரர்கள் வாசல் வழியாக வந்து, "பொய்யா எழுதினேன்னு உண்மையைச் சொல்லிடுங்க நர்சம்மா" என்று அழுதார்கள். நீலத்துக்காரர்கள் பொழுது சாய்ந்ததும் கொல்லைப்புறமாக வந்தார்கள். தையற்காரரின் மூத்த மகன் காலையில் வந்து அவர் காலைப் பிடித்தான். சாயங்காலம் இளையவன் வந்தான். உட்காரவில்லை.

"நீங்க பொய்னு சொன்னா ரெண்டு புக்கும் செல்லாம போயிடுமாம். அப்புறம் எனக்கும் கேள்வி வரும். அண்ணன் போனா போகட்டும். நான் கடையைப் பாத்துக்கணும் இல்லையா?"

"டேய், அவன் உன் கூடப்பொறந்தவன்டா."

"அதை நீங்க எழுதும்போது யோசிச்சிருக்கணும்."

அவன் போகும்போது கொல்லைக் கதவைச் சாத்தவில்லை. நர்சம்மா வெகுநேரம் அந்தத் திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவருக்கு முதல்முறையாக அந்த ஊரைப் பார்த்துப் பயம் வந்தது.

சின்னவள் இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். ஆறு மாதக் கர்ப்பம். தினமும் வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் போவாள். ஒருநாள் மட்டும் அம்மாவிடம் பொரிந்தாள். "ஒரு கண்ணுல வெண்ணெயும் ஒரு கண்ணுல சுண்ணாம்பும் வெச்சுட்டியேம்மா."

"ரெண்டும் வெண்ணெய்னு நெனச்சுதான்டி வெச்சேன்" என்றார் நர்சம்மா. மகள்கள் அதுவரை அந்தக் குரல் உடைந்து கேட்டதில்லை.

அவர் முடிவு செய்துவிட்டார். எழுதினது பொய் என்று சொல்லிவிடுவது. செய்த பொய்யைச் செய்தவளே அழிப்பது. வேலையில் இருந்தபோது பொய்யாக எழுதியதற்குச் சிறைக்கு அனுப்பினால் அனுப்பட்டும். கம்பி எண்ண வேண்டியிருந்தால் இந்த வயதிலும் எண்ணிக்கொள்ளலாம். பெரியவள் ஊரைவிட்டுப் போகக்கூடாது. அவ்வளவுதான். தன் கணவரிடம் சொன்னார். கணவர் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். வீட்டு நாற்காலியிலும் இரண்டு கையையும் முன்னால் நீட்டித்தான் உட்காருவார். அவர் தலையாட்டினார்.

சாட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் பெரியவள் வேலையிலிருந்து வந்தாள். குடிநீர் நிலையத்தில் வேலை. ஊருக்கு எத்தனை லிட்டர், அதற்கு எவ்வளவு குளோரின் என்று கணக்கிட்டுக் கலப்பது அவள் பொறுப்பு. கையைக் கழுவிக்கொண்டு வந்து அம்மா முன்னால் உட்கார்ந்தாள்.

"அம்மா, மூடிக்கெடக்கே நூல் மில்லு, அங்க ஆளுங்க போறாங்களா?"

"யாரு போவா? கதவைப் பூட்டிப் பன்னெண்டு வருஷமாச்சு."

"அங்க புதுசா தண்ணி லைன் போட்டிருக்காங்க. ஜன்னலை எல்லாம் செங்கல் வெச்சு அடைச்சுட்டாங்களாம். இன்னிக்கு எனக்கு ஆர்டர் வந்துச்சு. தொள்ளாயிரத்து முப்பத்திரெண்டு பேருக்குத் தண்ணி விடணும். தேதி, நாளைக்கு மறுநாள்."

நர்சம்மா முதலில் ஏதோ கட்டட வேலை என்று நினைத்தார். பிறகு மனசு தானாகவே கூட்டிப் பார்த்தது. நானூற்றுப் பன்னிரண்டும் ஐநூற்று இருபதும். பிரசவ நேரத்தில் நாடியை எண்ணிப் பழகிய மூளை, அது தப்பாது.

"நீ பொய்னு சொல்லணும்னுதான் அவங்க காத்துக்கிட்டிருக்காங்கம்மா" என்றாள் பெரியவள். "பொய்னு ஆயிட்டா ரெண்டு புக்குல இருக்கறவங்களும் எந்த ஊருக்காரங்கன்னு தெரியாதவங்க. நிரூபிக்கிற வரைக்கும் மில்லு. நான் மட்டும் இல்ல. வயித்துப் பிள்ளையோட அவளும்."

"அதுக்கு?"

"உண்மைன்னு சொல்லிடு. நான் அந்தப் பக்கம் போறேன்."

"வாயை மூடு."

"அந்தப் பக்கமும் தண்ணிக்குக் குளோரின் போடுவாங்கம்மா. பொழச்சுக்குவேன்."

நர்சம்மா கணவரைப் பார்த்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு பக்கமும் பள்ளம்னா பிரேக்கைத் தொடக்கூடாதும்மா" என்றார். "தொட்டா வண்டி கவுந்துடும்." முன்னே போனால் கடிக்கும், பின்னே வந்தால் உதைக்கும் என்பார்களே, அந்த இடத்தில் நின்றது அந்தக் குடும்பம். அன்று யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் நகராட்சி மாடியில் விசாரணை. நீளமான மேஜை. அதன்மேல் இரண்டு புத்தகங்களும் அக்கம்பக்கமாகக் கிடந்தன. சரிபார்ப்பு அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. மெதுவாகப் பேசினான். வெளியூர்க்காரன், நர்சம்மா கையில் பிறக்காதவன். அவனே ஆள் அனுப்பித் தேநீர் வரவழைத்தான், அவ்வளவு உபசாரம். நர்சம்மா தேநீரைத் தொடவில்லை.

"எல்லாமே உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமா."

"எனக்கு ஒரு சின்ன சந்தேகம்." பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். "ஒரே நாள். அந்தக் கரையில நாலு மணி பத்து நிமிஷத்துக்கு ஒரு ஆம்பளைப் புள்ளை. இந்தக் கரையில நாலு பன்னெண்டுக்கு ஒரு பொண்ணு. ரெண்டும் நீங்க பாத்த பிரசவம். நான் நேத்து பாலத்துல நடந்து பாத்தேன். பதினெட்டு நிமிஷம் ஆச்சு."

அவன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டான். முகத்தில் அவசரமே இல்லை. கிணற்றோரம் வந்த பிள்ளை தானாகவே விழட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறவன் முகம் அது.

"அந்தக் கரை கடிகாரம் அரை மணி ஸ்லோ தம்பி" என்றார் நர்சம்மா. "அங்க நாலு பத்துன்னா இங்க நாலு நாப்பது. இங்க பாத்துட்டு சைக்கிள்ல போயிட்டேன். அப்ப எனக்குக் கால் நல்லா இருந்துச்சு."

அவன் அவரையே பார்த்தான். "கடிகாரம் ஸ்லோன்னு எங்கயாவது எழுதியிருக்கீங்களா?"

"வாட்ச் ரிப்பேருக்கு ஆளனுப்புங்கன்னு பதினோரு வருஷமா எழுதினேன். வந்தானா?"

மூலையில் உட்கார்ந்திருந்த எழுத்தர் சிரித்துவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அவர் நர்சம்மா கையில் பிறந்தவர். நீலப் புத்தகம்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தான். "அம்மா, உங்க மூத்த மக சிவப்புல இருக்காங்க. தப்பா எழுதிட்டேன்னு ஒரு வார்த்தை. அவங்க பாலம் தாண்ட வேண்டியதில்ல. உங்க மேல வழக்கும் வராது, நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வார்த்தை நர்சம்மாவின் தொண்டை வரை வந்தது. சொல்லிவிட்டால் இன்று சாயங்காலம் பெரியவள் வீட்டில் இருப்பாள். ஒரு ராத்திரி இருப்பாள். விடிந்தால் செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்.

"பெத்தவ நான். எங்க பெத்தேன்னு எனக்குத் தெரியாதா? அந்தக் கரையிலதான் பெத்தேன். எழுதினது எல்லாம் உண்மை. எங்க கையெழுத்துப் போடணும்?"

ஒரு கணம்தான். அதிகாரியின் முகத்தில் ஏமாற்றம் வந்து போனது. மகள் சொன்னது சரிதான் என்று நர்சம்மாவுக்கு அப்போது புரிந்தது. கையெழுத்துப் போட்டார். கை நடுங்கவில்லை. அதற்காக அன்று முழுவதும் தன்மேலேயே அவருக்குக் கோபம் இருந்தது.

"நன்றிம்மா" என்றான் அதிகாரி, தாளை உலர்த்திக்கொண்டே. "பட்டியல் உறுதியாயிடுச்சு. ஆனா ஒண்ணு. கூடப்பொறந்தவங்க எதிரி நாட்டுல இருக்கும்போது, இங்க இருக்கறவங்களைப் பத்தியும் நாங்க கொஞ்சம் யோசிக்கணும் இல்லையா?" அவன் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நர்சம்மா படியிறங்கி வீடு வருகிற வரையில் அந்த வார்த்தை காதில் சரியாக ஏறவில்லை.

சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. சொந்த மகளையே தள்ளிவிட்டவள் என்றார்கள். இக்கரைக்காரன் காசு கொடுத்தான் என்றார்கள். தையற்காரரின் மனைவி வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினாள். ரேஷன் கடையில் முதன்முதலாக ஒருத்தி, "வரிசையில நில்லுங்க" என்றாள். நர்சம்மா நின்றார். மில்லுக்குப் போன குழாயைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது எங்கிருந்து தெரிந்தது என்று கேட்பார்கள். பெரியவள் பாலம்கூடத் தாண்டமுடியாது.

புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் பெரியவள் பையைக் கட்டி வைத்துவிட்டு வந்தாள். அக்கரை அதிகாரிகள் பாலத்தின் முனையில் கேள்வி கேட்டுத்தான் உள்ளே விடுகிறார்களாம். அவர்களுக்கும் சந்தேகம், இக்கரை தன் உளவாளிகளைத் தள்ளிவிடுகிறதோ என்று.

"நான் பொறந்த எடம் எப்படியிருக்கும்னு கேப்பாங்களாம்மா. சொல்லிக் குடு."

நர்சம்மா சொல்லிக்கொடுத்தார். நீளமான அறை, இரண்டு கட்டில். ஜன்னல் ஆற்றைப் பார்த்திருக்கும். கதவு தரையைத் தேய்க்கும், தூக்கித்தான் திறக்கவேண்டும். மழை பெய்தால் இரண்டாவது கட்டிலுக்குமேல் ஒழுகும். பெரியவள் பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் திருப்பிச் சொன்னாள். கட்டில் எந்தச் சுவர் ஓரம் என்பதில் தப்பு விட்டாள். நர்சம்மா திருத்தினார். மறுபடியும் சொன்னாள்.

"அன்னிக்கு மழையா?"

"மழைன்னு சொல்லிக்கோ. நம்புவாங்க."

"நெஜத்துல?"

"நெஜத்துல நல்ல வெயில்டி. மூணாம் நம்பர் கட்டில். உன்னைத் தூக்கிக் குடுக்க இன்னொரு நர்ஸ்கூட இல்ல. நானே குனிஞ்சு உன்னை எடுத்தேன்." சொல்லிவிட்டு நர்சம்மா மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, "இதை மறந்துடு. மொதல்ல இருந்து சொல்லு பாக்கலாம், எத்தனை கட்டில்?" என்றார்.

பாலத்தடியில் காலையிலேயே வரிசை. நானூற்றுப் பன்னிரண்டு பேர், எண்ணூற்றுச் சொச்சம் பைகள். வழியனுப்ப வந்தவர்களை ஒரு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். தையற்காரரின் மூத்தவன் நர்சம்மாவைப் பார்த்ததும் காறித் துப்பினான். அவன் தம்பி கூட்டத்தில் இல்லை. கணவர் பெரியவளின் பையை ஒருமுறை தூக்கிக் கனம் பார்த்துத் திரும்ப வைத்தார். சின்னவள் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுது ஓய்ந்து, கணவன் கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்க நகர்ந்தாள்.

அந்தச் சமயம் பார்த்துப் பெரியவள் கயிற்றுக்குமேல் குனிந்தாள். அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா, நேத்து ராத்திரி கடைசி ஷிஃப்டுக்குப் போனேனில்ல. மில்லு ஆர்டரைத் திருத்தி அனுப்பியிருக்காங்க."

"ரத்து பண்ணிட்டாங்களா?"

"இல்லம்மா. ஐநூத்தி இருபதுன்னு மாத்தியிருக்காங்க."

நர்சம்மாவுக்குக் கூட்டவேண்டியிருக்கவில்லை. நீலப் புத்தகம். சின்னவள். அவள் வயிற்றில் இருப்பது. விசாரணையில் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்ட எழுத்தர்கூட. "எப்ப?" என்று கேட்டார். உதடு மட்டும்தான் அசைந்தது.

"தேதி போடல. அவளை எங்கயாவது..." பெரியவள் முடிப்பதற்குள் வரிசை நகர்ந்தது. பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள். காவலன் ஒருவன் அவள் தோளைப் பிடித்து முன்னால் விட்டான். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே பாலத்தில் ஏறினாள். உதட்டில் ஏதோ முணுமுணுப்பு. இரண்டு கட்டில், ஆற்றைப் பார்த்த ஜன்னல்.

சின்னவள் வாயைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா என்ன சொன்னா?"

நர்சம்மா அவள் கையைப் பற்றிக்கொண்டார். முப்பது வருஷம் எத்தனையோ பெண்களிடம் 'ஒண்ணும் ஆகாது' என்று கூசாமல் சொன்னவர். இப்போது அது வரவில்லை.

"உன்னைப் பத்திரமா பாத்துக்கச் சொன்னா" என்றார்.

"நான் இங்கதானே இருக்கப் போறேன். எனக்கென்ன?" என்ற சின்னவள், பாலத்தின் நடுவே சிறுத்துக்கொண்டே போகிற அக்காவைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டத்தொடங்கினாள்.